கழுவாத எலிக்கூண்டு

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் எலித்தொல்லை. எலி விழுந்ததும் கூண்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவேன். அப்புறம் இரையாக எத்தனை பெலாச்சான் இறால் கட்டி வைத்தாலும் ஒன்றும் எட்டிப் பார்க்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பெட்டை எலி ஒன்று விழுந்தது. திடலில் கொண்டாட்டம் பார்க்கப் போகிற அவசரத்தில் கூண்டைக் கழுவவில்லை. அடுத்த மூன்று நாளும், இரையே வைக்காமல், தினம் ஓர் ஆண் எலி தானாக வந்து விழுந்தது.

"பெட்டை வாசம் மூக்கில் ஏறிவிட்டால் மூளை அதன் பின்னாலேயே போய்விடும். பசி, பயம் ஒன்றும் தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருக்குத் தெரியாதா? பண்டார் ஹிலிர் பஸ்ஸுக்கு நின்ற மனுஷன், என் தலையில் இருந்த செண்பகப்பூ வாசத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிய காஜா பேராங் பஸ்ஸில் ஏறிவிட்டவர். எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தேதான் இருந்தது. கடைசிவரை அவர் வெளியே போகவே இல்லை.