ஈயப் பெட்டிக்கு யார் பொறுப்பு?

வெல்டிங் மூட்டுகளைக் கதிர் பாய்ச்சிப் படம் பிடிக்கிற தொழிலில், படம் பிடிக்கிற வேலை நடக்கும்வரை ஆளாளுக்கு வந்து மேலே விழுவார்கள். மிச்சமாகிற கதிர்ச் சரக்கை என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு ஈ காக்கை இருக்காது. முதலாளிக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட என் சக பாவிகளே, எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வெற்றிலை வாய்

எங்கள் பட்டறையில் பாய்லர் செய்தோம். மூட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க இரிடியம் என்று ஒரு துண்டு, மிளகு அளவுதான். அதைச் சுற்றி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் ஒரு ஈயப் பெட்டி. பெட்டியை விட்டு வெளியே வந்த துண்டைக் கையில் எடுத்தால் கை வெந்து அழுகும். மடியில் முடிந்து வைத்துக்கொண்டால் ஆளே காலி.

வீரியம் குறைந்ததும் அதைக் கொடுத்த பம்பாய் அணுசக்தித் துறைக்கே திருப்பி அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். குறைந்த வீரியமே ஆளைச் சாய்க்கப் போதும். அனுப்பவேண்டிய பொறுப்பாளர் அடியேன். செலவுக்கு அனுமதிக்க வேண்டிய முதலாளியோ, "பாக்கலாம், பாக்கலாம்" என்றே காலத்தை ஓட்டினார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தியேவிட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சட்டத்துல உன் பேருதானேய்யா இருக்குது? நான் இன்னாத்துக்கு பேஜாராவணும்?"

அரக்கு

பட்டறை நொடித்தது. முதலாளி எந்த ஊருக்குப் போனார் என்று அவர் வீட்டுக்காரிக்கே தெரியவில்லை. கோர்ட்டிலிருந்து அமீனா வந்து எல்லா அறைக்கும் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார், ஈயப் பெட்டி இருந்த அறைக்கும் சேர்த்து. என் கையில் மிஞ்சியது கதிரை அளக்கிற மீட்டர் ஒன்றுதான்.

பம்பாய்க்குத் தந்தி அடித்தேன். 'கோர்ட்டில் கேட்டு எடுத்து அனுப்பவும், பொறுப்பு உம்முடையதே' என்று பதில் வந்தது. கோர்ட்டிலோ மனு மேல் மனு போட்டும் ஒன்றும் நகரவில்லை. கடைசியில் அமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஐயா, உள்ளே இருக்கிறது விஷம். வெளியே வந்தால் ஊர் தாங்காது" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கதவுக்கே சீல் வச்சிக்கிறேன், அது எப்பிடி சார் வெளிய வரும்?"

புதுவாயல் காயலாங்கடை

வந்துவிட்டது. ஏலத்தில், மொத்த இரும்போடு சேர்த்து! காதில் விழுந்ததும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு புதுவாயலுக்கு ஓடினேன். ஏலம் எடுத்த காயலாங்கடைக்காரர் அசைகிற ஆளில்லை. கோர்ட்டு விற்றது, நான் வாங்கியது, என் பொருள், நீ யார் கேட்க என்றார்.

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "சரி, உம்ம பொருளாகவே இருக்கட்டும். இனிமேல் யார் கை அழுகினாலும் நீர்தான் பொறுப்பு. சொந்தக்காரர் என்று ஒரு கையெழுத்துப் போடும்" என்று பேனாவை நீட்டினேன். மனுஷன் பாம்பை மிதித்தவன்போலத் துள்ளினார். "ஐயையோ, அது என்னுது இல்ல சார்! காலைலயே பழவேற்காட்டு ஏழுமலை வாங்கிக்கினு பூட்டான்!"

வலைக்கு ஈயம்

வலை தண்ணீரில் இறங்குவதற்கு ஓரத்தில் ஈயக்குண்டு கட்டவேண்டும். ஏழுமலை அதற்குத்தான் வாங்கியிருக்கிறார். கடைக்காரரின் லாரியிலேயே பொன்னேரி வழியாகப் பறந்தோம். துண்டு கீழே விழுந்திருக்குமோ, யாராவது கையில் எடுத்திருப்பார்களோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே டிரைவரை விரட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை வாசலில் உட்கார்ந்து உளியால் பெட்டியின் ஒரு பக்கத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுப்பில் ஈயச் சீவல்களை உருக்கிக்கொண்டிருந்தார். "உளியைப் போடு! ரெண்டு பேரும் தள்ளிப் போங்க!" என்று அலறினேன். மீட்டரை நீட்டினேன். செதுக்கிய பக்கம் முள் துள்ளியது. மற்ற பக்கங்களில் அடங்கிக் கிடந்தது. சீவல்களுக்கும் அடுப்புக்கும் அசையவேயில்லை. அப்படியானால் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சாமி! அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பெட்டியைப் பீப்பாயில் இறக்கி மணலைக் கொட்டினோம். அதற்குள் இருப்பது என்ன என்று அந்த இருவருக்கும் சொன்னேன். ஏழுமலை தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இம்மாம் ஆபத்துன்னு தெரிஞ்சிக்கினே எங்களாண்ட ஏன் சார் வித்தீங்க?"

அந்தப் பெட்டியை ஏலம் போட ஆள் இருந்தது, எடுக்க ஆள் இருந்தது, வாங்கி விற்க ஆள் இருந்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான், பொறுப்பாளனாகிய என்னையும் சேர்த்து, ஒருத்தனும் இல்லை.