ஓட்டை போட்ட அரை ரூபாய்

வங்கியில் சில்லறைப் பைகளை வாங்கிவந்து, வெள்ளி நாணயமோ வெளிநாட்டு நாணயமோ அகப்படுமா என்று தேடும் என் வழக்கத்தை நண்பர்கள் அறிவீர்கள். பல ஆண்டுகளாக விரல்கள் கறுத்ததே மிச்சம்.

நேற்றுதான் முதல் வெள்ளிக்காசு கிடைத்தது. பிரிட்டிஷ் ராஜா தலை பொறித்த பழைய அரை ரூபாய். மேலே ஓட்டை போட்டிருந்ததால் விலை குறையுமே என்று மட்டும் வருந்தினேன்.

மற்ற காசுகளைத் திருப்பிக் கட்ட இன்று மயிலாப்பூர்க் கிளைக்குச் சென்றேன். மீன் விற்கும் அம்மா ஒருவர், உண்டியல் சில்லறையோடு தம் வெள்ளிக்காசையும் தவறுதலாகக் கொடுத்துவிட்டதாகக் காசாளரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

காசாளர் என்னைக் காட்டினார். "நம்ம சில்லறையெல்லாம் அந்த சார்தான் வாங்கிட்டுப் போறாரு. அவரைக் கேளும்மா."

இல்லை என்று நான் சொல்லியிருந்தால், மறுக்கச் சாட்சி கிடையாது. காசோ என் சட்டைப்பையில் இருந்தது.

"அடையாளம் சொல்ல முடியுமா?" என்றேன்.

"ராஜா தலைக்கு மேல ஓட்டை கீது சார். எம் பொண்ணு கொயந்தையா இருந்தப்போ அரைஞாண்ல கட்டினது. நாளைக்கு அவ புள்ளைக்குக் கட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டே அவர் கேட்டார்.

"ஓட்டையப் பாத்த இல்ல நைனா? ஏதோ புள்ள இடுப்புல கெடந்த காசுன்னு தோணலியா?"

தோன்றவில்லை என்பதே உண்மை.

இப்போது என் வசம் எஞ்சியிருப்பது ஓர் இலங்கை இரண்டு ரூபாய் மட்டுமே. அதற்கும் உரிமை கோருவோர் இருப்பின், தக்க அடையாளத்துடன் கீழே தெரிவிக்கலாம்.