நோட்டை அவளிடம் கொடுத்த பிறகு

ஆறாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது மாதம் மகளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. கண்ணில் குறையில்லை என்றார் கண் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்று குழந்தைகள் டாக்டரும் சொல்லி, வலி வரும் நாட்களைக் குறித்து வரச் சொன்னார். நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தூக்கம், சாப்பாடு, வெயில், செல்போன் என்று ஒன்றையும் விடவில்லை. அக்ரஹாரத்தில் ஸ்கூல் வேன் நிற்கும் இடத்திலேயே, பையை வாங்கும் முன் கேட்பேன்: "இன்னிக்கு வலிச்சுதா?"

அடுத்த முறை டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு மகளைப் பார்த்தார். "இதெல்லாம் சரியாம்மா?"

"பாதிதான். வலிக்குதுன்னா அம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அதனால சொல்றதில்ல."

என்னால் தலைநிமிர முடியவில்லை. டாக்டர் நோட்டை அவளிடம் கொடுத்தார். இனி அவளே எழுத வேண்டும். நான் கேட்கக் கூடாது. வாந்தி வந்தாலோ, வலி தூக்கத்தைக் கலைத்தாலோ மட்டும் உடனே வரவேண்டும்.

கேட்காமல் இருந்தால் ஏதாவது தவறிப் போய்விடாதா? ஒருநாள் அவள் குளிக்கும்போது நோட்டைக் கையில் எடுத்தேன். திறக்காமல் வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அவளே கொண்டுவந்து காட்டினாள். சில நாட்களின் அடியில் சிவப்புக் கோடு. "குரூப் பிரிக்கிற அன்னிக்குத்தாம்மா வருது. என்னை யாரும் சேத்துக்கறதில்ல. லீவு நாள்ல வரவே இல்ல, பாரு."

என் கட்டங்களில் இதற்கு இடமே இருந்திருக்கவில்லை.

"ஸ்கூல் கவுன்சிலர் மிஸ்கிட்ட பேசப் போறேன்" என்றாள்.

"நானும் வரேன்."

"நீ வேணாம்மா. அழுதுடுவ."

"யாரு, நானா?"

"கண் டாக்டர் என்னை எழுத்து படிக்கச் சொன்னதுக்கே அழுதியே!"

தனியாகத்தான் போய்ப் பேசினாள். அவள் வயதில் நான் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொள்வேன். காரணத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.

வலி முழுதாகப் போய்விடவில்லை. நேற்று வேனிலிருந்து இறங்கியதும், நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: "இன்னிக்கு வந்துச்சும்மா. மிஸ்கிட்ட சொல்லிட்டு கொஞ்சம் படுத்திருந்தேன். அப்புறம் கிளாசுக்குப் போயிட்டேன். பசிக்குது."

என் முகம் எப்படி இருந்ததோ. ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.