இடுப்பு உயரத்தில் ஒரு ஜாக்கி

ஜாக்கியை வண்டியில் எங்கே மாட்டுவது என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ரவாங்கில், காட்டுப்பாதையில் ஃபோர் வீல் வண்டி ஓட்டும் எங்கள் குழுவில் ஆளுக்கொரு கட்சி: பானெட் மேல், கூரை மேல், பின்கதவில். என் வண்டியில் அது பின்பம்பருக்கு மேலே, என் இடுப்பு உயரத்தில் படுத்திருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. அதற்காக வீட்டையே எதிர்த்து நின்றவர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கெர்லிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பழைய லயத்து வீட்டில் இருந்தோம். அப்பா ரவாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். அவருடைய பழைய ஃபோர் வீல் வாரம் முழுக்க வாசலில் சும்மா நின்றது. அம்மா லைசென்ஸ் எடுத்தார். தோசையும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறும் பொட்டலம் கட்டி, உள்தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கு அந்த வண்டியில் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதை டயரை விழுங்கிவிடும். அதனால் சித்தப்பா ஒரு பெரிய ஜாக்கி வாங்கி வந்தார். என்னைவிட உயரம், பத்து கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம்.

ஆயுத பூஜை அன்று அதைக் கூரைக் கேரியரில் போல்ட் போட்டு முறுக்கினார் சித்தப்பா. அப்பா சந்தனம், குங்குமம் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் கையை உயர்த்திப் பார்த்தார். எட்டவில்லை.

“தம்பி, சேத்துல மாட்டிக்கிட்டா இத யாரு எறக்குறது?”

“யாராச்சும் ஆம்பள எறக்கித் தருவாங்க லா, அண்ணி.”

பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட் மேல் ஏறி ஸ்பானரைத் திருகினார். சித்தப்பா முறுக்கிய போல்ட் அசைவேனா என்றது. இரண்டு மணி நேரம் கழித்துக் குலை ஏற்றும் லோரி வந்து இழுத்தது. அதற்குள் வேலையாட்கள் கலைந்துவிட்டார்கள், பொட்டலங்கள் அப்படியே திரும்பின. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று சாயங்காலத்துக்குள் லயமே பேசியது. எனக்கு அவமானமாக இருந்தது, அம்மா மேல்தான் கோபம் வந்தது.

“போதும். சாவியக் குடு” என்றார் அப்பா.

“சாவி எதுக்கு? ஜாக்கி எடம் மாறுனா போதும்.”

“பூஜ போட்ட பொருள எடம் மாத்தக் கூடாது.”

“எனக்கு இவ்ளோதான் உயரம்னு குடுத்ததும் சாமிதாங்க. அது ஒண்ணும் கோச்சுக்காது.”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் என்னையும் ஏற்றிக்கொண்டு டவுனில் சீனர் ஒருவரின் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகித்தான் அந்தப் போல்ட்டையே கழற்ற முடிந்தது. பின்கதவில் மாட்டலாம் என்றார். ஸ்பேர் டயரையே தாங்காமல் கீல் தொங்குவதை அம்மா காட்டினார். பிறகு நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, தன் இடுப்புக்கு நேராக வண்டியின் பின்பக்கத்தில் ஒட்டினார்.

“சினி, தவுக்கே. இங்கதான்” என்று பட்டறை முதலாளியிடம் சொன்னார்.

ஜாக்கியைத் தாங்க, சேஸிஸிலிருந்து இரண்டு இரும்புக் கால்கள் எழும்பின. ஜாக்கியை அம்மா தானே எடுத்தார், தானே மாட்டினார். மூன்று தடவை. இரண்டாம் தடவை விரல் நசுங்கியது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடியும் தூக்கினார். நானோ, கூரை மொட்டையாகிவிட்டதே என்று வீடு வரும்வரை அழுதேன்.

அப்பா வேலை முடிந்து வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். ஜாக்கியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

“அப்ப, இனிமே நான் எதுக்கு?”

“பக்கத்துல உக்காந்து வாங்க” என்றார் அம்மா.

அப்பா பக்கத்து சீட்டிலா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஏன் சிரிக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரியவேயில்லை.