படகுக்குப் பதிலாக ஒரு கசற்

எங்கள் கடற்கரை ஊரான பேசாலையில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் படகைத்தான் பார்ப்பார்கள். அடிப்பலகையைத் தட்டுவார்கள், இயந்திரத்தை இழுத்து முடுக்குவார்கள், பிறகுதான் மாப்பிள்ளையின் முகம். என் தம்பிக்குப் படகு கிடையாது. அவன் லண்டனில் டிவி நாடகம் எழுதிக்கொண்டிருந்தான்.

பக்கத்து ஊரான கீரியிலிருந்து வந்த சம்மாட்டியாருக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! ஐந்து படகுக்குச் சொந்தக்காரர். தாயில்லாத ஒரே மகளுக்கு மாப்பிள்ளை தேடினார்.

"எழுதுறது சரி தங்கச்சி. தொழில் என்ன?"

"அண்ணன், அதுதான் அவன்ர தொழில். நடிக்கிறவை கதைக்கிறதை இவன் எழுதிக் குடுப்பான்."

"ஏன், வெள்ளைக்காரருக்குத் தாங்களாக் கதைக்கத் தெரியாதோ?"

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தம்பிக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. மூன்று சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவன் பேனாவைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

"அந்த நாடகத்தைக் கண்ணால பாத்தாத்தான் முடிவு," என்று சம்மாட்டியார் எழுந்து போனார்.

தம்பி தன் நாடகம் ஒன்றை வீடியோக் கசற்றில் பதிந்து அனுப்பினான். சண்டைக் காலம், சோதனைச் சாவடியில் உள்பாவாடை வரை கிளறுவார்கள். பங்குச் சாமியார்தான் கொழும்பிலிருந்து அதைப் பூசை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார்.

"கூடாத படம் ஒண்டும் இல்லையே பிள்ளை?"

"தெரியாது பாதர். பாத்திட்டுச் சொல்றன்."

ஊரில் கரண்ட் இல்லை. கோயில் ஜெனரேட்டரையும் டிவிப் பெட்டியையும் டெக்கையும் இரந்து வாங்கி, ஒரு மத்தியானம் எங்கள் விறாந்தையில் போட்டோம். சம்மாட்டியார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் குமர்ப்பிள்ளையை வீட்டில் தனியே விட முடியாது; மகளையும் கூட்டிவந்திருந்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னேன். இங்கிலீசு தெரியாதுதான். வாய் இருந்ததே!

திரையில் ஒரு வெள்ளைக்காரி மேல்மாடி யன்னலால் புருசனின் காற்சட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே குளத்துக்குள் எறிந்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஐயா கள்ளுத் தவறணைக்குப் போகாமலிருக்க அம்மா அவர் இடுப்பில் கட்டும் சாரமெல்லாவற்றையும் கிணற்றுக்குள் போட்ட கதையல்லவா இது!

"பழைய உடுப்பை... ஏழையளுக்குக் குடுக்கிறா," என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. சம்மாட்டியாரின் மகள் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கன்னியாஸ்திரிமாரிடம் இங்கிலீசு படித்தவளாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"அக்கா, அவ 'இனிக் குடிக்கப் போறதெண்டா காற்சட்டை இல்லாமப் போ' எண்டெல்லோ சொல்றா!"

சம்மாட்டியார் எழும்பிவிட்டார். "உங்கட ஐயாவின்ர சாரக் கதை கீரி வரைக்கும் வந்ததுதான் தங்கச்சி. வீட்டு மானத்தை எழுதி விக்கிறவனுக்கோ நான் பொம்பிளை குடுக்கிறது? நாளைக்கு என்ர வீட்டுக் குசினியும் இந்தப் பெட்டிக்குள்ள வரும்!"

"ஐயா, கொஞ்சம் இருங்கோ. முடிவைப் பாப்பம்," என்றாள் மகள்.

அவர் நின்றபடியே பார்த்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டு புருசன் படியில் குந்தியிருந்தான். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, ஏதோ சொன்னாள். சம்மாட்டியாரின் மகளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னவாம்?" என்று நான்தான் கேட்டேன்.

"'நீ குடிச்சு விழுந்து செத்தா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது' எண்டு கேக்கிறா."

அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. தம்பி கிணற்றடியில் ஒளிந்திருந்து கேட்டிருப்பான். அல்லது இட்டுக்கட்டியிருப்பான், கள்ளன். எதுவானாலும் நான் மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று.

திரையில் தம்பியின் பெயர் ஓடியது. மகள் சத்தமாக வாசித்தாள்.

"என்ன இவ்வளவு சின்னன் எழுத்து?" என்றார் சம்மாட்டியார், மறுபடி கதிரையில் உட்கார்ந்து. "நாங்கள் படகில பேரை இதைவிடப் பெரிசா எழுதுவம்."

"ஐயா, எனக்குச் சம்மதம். ஆனா என்னைப் பற்றி எழுதினா முதல்ல எனக்குக் காட்டோணும். அதைக் கடிதத்தில எழுதித் தரச் சொல்லுங்கோ அக்கா."

ஊருக்கெல்லாம் வசனம் எழுதிக் கொடுக்கிற தம்பி பதிலுக்கு எழுதியது ஒரே வரி: 'காட்டுறன், அடிக்க மாட்டீரெண்டால்.'

மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். தம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு முழுப் பூசை போதாது. மூன்று ஞாயிறும் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இருந்தேன். சம்மாட்டியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.