உச்சி வெயிலில் ஒரு பூங்கா

டூர் மேனேஜராக நான் தனியாகப் போன முதல் டிரிப் பாண்டிச்சேரி. தொண்ணூறுகளின் கடைசி, மே மாதம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் டிராவல்ஸ் ஓனர் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "பாரும்மா, பார்ட்டி சொல்லாம புரோகிராமை மாத்தாதே. ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் வேலை பெர்மனென்ட் ஆகாது." என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பயந்துகொண்டே பஸ் ஏறினேன்.

பார்ட்டி என்பது தினமும் லால்பாக் பூங்காவில் வாக்கிங் போகும் பெரியவர்கள் குழு. தலைவர் மூர்த்தி சார், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புரோகிராம் அவரே போட்டது. விடிகாலையில் பீச், அதுவும் எல்லோரும் ஸ்வெட்டரோடு. உச்சி வெயிலில் தாவரவியல் பூங்கா. பெங்களூர்க்காரர்கள் மட்டுமே இப்படி ஒரு புரோகிராம் போட முடியும்.

பூங்கா வாசலில் காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வெயில்ல யாரு சார் பார்க்குக்கு வருவாங்க? ஊரே தூங்குது."

"நாங்க பெங்களூரு. மத்தியானத்துலயும் வாக்கிங் போவோம்" என்றார் மூர்த்தி சார், நெஞ்சை நிமிர்த்தி.

கால் மணி நேரத்தில் பெங்களூர் முழுவதும் ஒரே மரத்தடியில் ஒதுங்கிவிட்டது. ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். "என்னம்மா டூர் இது? ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணப்போறோம்" என்று மற்றவர்கள் என்மேல் பாய்ந்தார்கள். மூர்த்தி சாரோ சட்டை தொப்பலாக நனைந்தும், "நோ சேஞ்ச்! அடுத்து பீச் பக்கத்து பார்க்" என்று நின்றார். மாற்றினாலும் வேலை போகும், மாற்றாவிட்டாலும் போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனேன். "சார், லால்பாக் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பார்க்கா?" உண்மையில் அருமையான பூங்கா அது, பாவம்.

அவர் முகம் மலர்ந்தது. "கரெக்ட்டா சொன்னே! சும்மனே டைம் வேஸ்ட்டு. எல்லாரும் பஸ் ஏறுங்க, ரூமுக்குப் போய்ப் படுங்க! சாயங்காலம் பொழுது போகலைன்னா வந்து பாக்கலாம்."

சாயங்காலம் அதே பூங்காவில், கடல் காற்றில், காவலாளி விசில் ஊதும்வரை ஒருவரும் அசையவில்லை. கடைசியாக எழுந்தவர் மூர்த்தி சார்.

ஊர் திரும்பியதும் அவர் நேராக ஓனரிடம் போனார். "நான்தான் புரோகிராமை மாத்தினேன். இல்லேன்னா இந்தப் பொண்ணு எங்களை வெயில்லயே வாட்டியிருக்கும்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் போனதும் ஓனர் கதவைச் சாத்தினார். "வருஷா வருஷம் நான்தான் அவரைக் கூட்டிட்டுப் போறேன். டீ குடிக்கிற நேரத்தைக்கூட மாத்த விட்டதில்ல. அவர் வாயாலயே சொல்ல வெச்சிட்டியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதமே பெர்மனென்ட் ஆனேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்கு நல்ல யோசனை வந்தால் அது கஸ்டமருக்கு வந்ததாகவே இருக்கட்டும். பெருமையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார். நீங்கள் சம்பளத்தைக் கொண்டுபோங்கள்.