மூடி வைத்த வலக்கண்

நெபுலா என்னும் அகலமான, மங்கலான விண்மேகத்தைப் பார்க்க இருட்டில் பழகிய கண் வேண்டும். அரைமணி நேரமாவது இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு டார்ச் வெளிச்சம் பட்டால் போதும், எல்லாம் வீண். இதைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும்.

நானும், நான் வேலை பார்த்த பள்ளியின் ஓவிய ஆசிரியரும் சேர்ந்து கண்ணாடி தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்திருந்தோம். அமாவாசையை ஒட்டிய விடுமுறைகளில் அதைக் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவோம். எனக்குத் தட்டுப்படாத விளிம்புகளைக் கூட அவர் பார்த்து வரைந்துவிடுவார். "சும்மா மொறச்சிகினு இருந்தா தெரியாது சார், லேசா ஆட்டுங்க" என்று தொலைநோக்கியின் குழாயை விரலால் தட்டுவார். அசைந்தால் மங்கலானதும் கண்ணில் படும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். மலைக்கு பஸ் நின்றுபோனது. போராடியவர்கள் அவருடைய சாதிக்காரர்கள். ஊர்வலத்தில் அவரும் நடந்தாராம். பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் தம் பிள்ளைகளின் படிப்புக்காக நடந்தார். நானோ, என்னிடம் மறைத்துவிட்டாரே, என் மலைப்பாதையை அடைத்துவிட்டாரே என்று பொருமினேன். அதைத் துரோகம் என்றே நினைத்தேன்.

மழை விட்டுத் தெளிந்த ஓர் அமாவாசையன்று, என் வீட்டு மாடியிலிருந்தே, அந்தக் கண்டத்தின் வடிவில் தெரியும் வட அமெரிக்க நெபுலாவைத் தேடலாம், வாருங்கள் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். ஆனால் எங்கள் ஊரான கள்ளக்குறிச்சியின் வெளிச்சத்தில் வானமே சாம்பலாக இருந்தது, நெபுலாவும் சாம்பல். போதாததற்கு எதிர்க் கம்பத்து விளக்கு கண்ணில் அடித்தது. தெருவில் ஆளில்லை. இறங்கிப்போய்க் கல்லால் அடித்து அதை உடைத்தேன். பழி போராட்டத்தின் மேல் போகும் என்று எனக்குத் தெரியும்.

கண் பழகிவந்த நேரம், வாசலில் ஜீப் வந்து நின்றது. வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். ஜீப்பில் ஓவிய ஆசிரியர்.

"வெளக்கு ஒடஞ்ச எடத்துல நின்னுகினு இருந்தாரு. உங்க வூட்டுக்கு வந்தேன்றாரு. நீங்க வரச் சொன்னீங்களா?" என்றார் போலீஸ்காரர். டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

ஆம் என்றால் ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார்கள். விளக்கைப் பற்றிக் கேட்பார்கள். வலக்கண்ணில் காத்துவைத்த இருட்டும் போய்விடும்.

"இல்லீங்க."

"சார், நல்லா பாத்து சொல்லுங்க சார்" என்றார் ஜீப்பிலிருந்து அவர்.

"கண்ணுல இன்னா?" என்றார் போலீஸ்காரர்.

"தூசு" என்றேன்.

ஜீப் போனதும் மாடியேறினேன். குழாயை மெல்லத் தட்டினேன். சாம்பலிலிருந்து ஒரு விளிம்பு பிரிந்து வந்தது. அன்று பார்த்ததுபோல் பிறகு ஒருபோதும் பார்த்ததில்லை.

அவரை ரிமாண்ட் செய்தார்கள்; வேலையிலிருந்து இடைநீக்கம். ஜாமீனில் வந்தவர், இளைத்த முகத்தோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தெரிஞ்சுதா சார்?"

நெபுலா தெரியவில்லை என்றால் என் குற்றம் கொஞ்சம் குறையும் என்று தோன்றியது. "இல்ல" என்றேன்.

சிரித்தார். "தெரியலன்னா அடுத்த கம்பத்து வெளக்கையும் ஒடச்சிருப்பீங்களே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் மேலிருந்த வழக்கு அப்போது விசாரணைக்குக்கூட வந்திருக்கவில்லை. அன்றைக்கே நான் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.